நீரைச் சோதிக்கும் கருவிகளைச் சோதிப்போம்

பருப்பு வேகவில்லை என்றால் தண்ணீர் சரியில்லை என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். சோப்பு நுரைக்கவில்லை என்றாலும் அப்படியே சொல்வார்கள். இரண்டும் விஞ்ஞான முறைப்படி சரியான சோதனைகளே. நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருந்தால் பருப்பு எளிதில் வேகாது. சோப்பும் நுரை தராது. அந்தச் சோதனைகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. அவை நீரின் கடினத்தன்மையைக் காட்டின. அதற்கு மேல் எதையும் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

இன்று கடைகளில் நீரைச் சோதிக்கப் பலவகைக் கருவிகள் கிடைக்கின்றன. பேனா போன்ற மின்கருவி, நிறம் மாறும் தாள், மருந்துப் புட்டிகள் அடங்கிய பெட்டி என அவை பலவிதம். இவற்றுள் எதை நம்பலாம்? வாங்கியதை எவ்வாறு பேணுவது? இக்கட்டுரையில் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம். இயற்பியல் ஆசிரியனான நானே தவறிய கதையும் இதில் அடங்கும்.

இரண்டு கண்ணாடித் தம்ளர்கள்

குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். தொழிற்சாலைகள் வந்த பிறகு இங்கே வாடகை வீடுகள் பெருகின. அவற்றோடு ஆழ்துளைக் கிணறுகளும் பெருகின. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும். நீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வரும் இளைஞர்களும் மூன்று மொழிகளிலும் பேசுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரர் என்னை அழைத்தார். அவர் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு விற்பனையாளர் இரண்டு தம்ளர்களை வைத்திருந்தார். ஒன்றில் அவர்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர், மற்றதில் ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நீர். உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு சாதனத்தை இரண்டிலும் அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்தினார். ஒரு நிமிடத்தில் கிணற்று நீர் பழுப்பாகிக் குழம்பியது. மற்றது தெளிவாகவே இருந்தது.

"அக்கா, இந்த அழுக்கைத்தான் பிள்ளைங்க தினமும் குடிக்குது" என்றார் அவர். வீட்டு அம்மையார் முகம் வெளிறிவிட்டது.

வாசகர்களுள் பலர் இந்தக் காட்சியைக் கண்டிருக்கலாம். இதன் உண்மை என்ன? நீரில் அமிழும் கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்னோட்டம் பாயும்போது நேர்மின்வாயிலுள்ள இரும்பு அயனிகளாகக் கரைந்து, நீரோடு வினைபுரிந்து துருவாகிறது. அந்தப் பழுப்பு, கம்பியிலிருந்து வந்தது, கிணற்றிலிருந்து வந்ததன்று. 1830களில் மைக்கேல் பாரடே வகுத்த மின்பகுப்பு விதியைக் கொண்டு இதைக் கணக்கிடலாம். ஒரு கூலும் மின்னூட்டம் ஏறத்தாழ 0.29 மில்லிகிராம் இரும்பைக் கரைக்கும். 0.1 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு நிமிடம் பாய்ந்தால் 6 கூலும். கரையும் இரும்பு சுமார் 1.7 மில்லிகிராம். தம்ளரில் 200 மில்லிலிட்டர் நீர் இருந்தால், லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இரும்பு இருந்தாலே நீரில் துரு நிறமும் சுவையும் தெரியும்.

ஆர்.ஓ. நீர் ஏன் தெளிவாக இருந்தது? அதில் உப்புகள் மிகக் குறைவு. ஆகவே மின்சாரம் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை. நான் ஒரு சிட்டிகை சமையல் உப்பு கொண்டுவரச் சொல்லி, அந்தத் தெளிந்த நீரில் போட்டுச் சாதனத்தை மீண்டும் இயக்கச் சொன்னேன். கிணற்று நீரைவிட அது கரிய பழுப்பாயிற்று. விற்பனையாளர் தம் பையைக் கட்டிக்கொண்டார்.

மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் வீட்டு மின்சாரத்தை நீரில் பாய்ச்சுவது உயிருக்கு ஆபத்து. 9 வோல்ட் பாட்டரி ஒன்றும் இரண்டு இரும்பு ஆணிகளும் போதும். பத்து நிமிடம் காத்திருந்தால் உண்மை விளங்கும்.

பேனாக் கருவியும் என் தவறும்

இதுவரை கதையில் நான் வென்றவன். அடுத்து நடந்ததைக் கேளுங்கள். என் புலமையை நிறைவாகக் காட்ட எண்ணி, வீட்டிலிருந்து டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டுவந்தேன். அவர்களுக்கு இரண்டு வழிகளில் நீர் கிடைத்தது. ஒன்று, தெருக்குழாயில் வரும் ஒகேனக்கல் நீர். மற்றது வீட்டு ஆழ்துளைக் கிணறு. குழாய் நீர் 390 காட்டியது. கிணற்று நீர் 460. "ஐந்நூறுக்குள் இருக்கிறது. எதைக் குடித்தாலும் ஒன்றுதான்" என்று தீர்ப்புக் கூறினேன். குழாய் நீர் தினமும் வராது. கிணற்று நீரோ எந்நேரமும் கிடைக்கும். அவர்கள் கிணற்று நீரையே தொடர்ந்து குடித்தார்கள். வீட்டில் பத்து வயதுப் பையனும் நான்கு வயதுப் பெண்ணும் இருந்தனர்.

டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு. ஆனால் பேனாக் கருவி அதை நேராக அளப்பதில்லை. நீரின் மின்கடத்து திறனை அளந்து, அதை 0.5 முதல் 0.7 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. மின்சாரத்தைக் கடத்தாத பொருள் எதுவும் அதன் கண்ணில் படாது. ஒரு தம்ளர் நீரில் இரண்டு கரண்டி சர்க்கரையைக் கரைத்து அளந்து பாருங்கள், எண் உயராது. பூச்சிக்கொல்லியோ நோய்க்கிருமியோ கலந்தாலும் அப்படியே.

மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களிலும் எது எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. இங்கேதான் நான் தவறினேன். இந்திய தரக் கழகத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் இல்லையெனில் 2000 வரை இசைகிறது. அதே தரம் புளோரைடுக்கு விதிக்கும் அளவு 1 மில்லிகிராம். வேறு வழியில்லையெனில் 1.5. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான். 460 காட்டும் நீரில் புளோரைடு 2.3 மில்லிகிராம் இருந்தால் அது மொத்தத்தில் நூற்றில் அரைப் பங்கு. மலிவான மீட்டரின் இயல்பான பிழையே நூற்றுக்கு இரண்டு. தேடும் பொருள் பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது!

நம் பகுதியில் இது ஏட்டுக் கணக்கன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் அடிப்பாறைகளில் கிரானைட்டும் நைஸும் மிகுதி. அவற்றிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. கால்சியம் குறைந்த, காரத்தன்மை மிகுந்த நீரில் அது அதிகம் தங்கும். ஆகவே பருப்பு நன்றாக வேகும் மென்னீரிலும் புளோரைடு மிகுந்திருக்கலாம். பழைய சோதனையில் தேறிய நீர் இதில் தோற்கக்கூடும்.

புளோரைடு மிகுந்த நீரைக் குழந்தைகள் குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களின் எனாமல் கெடுகிறது. பற்கள் முளைக்கும்போது வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தெரியும். அவை தேய்த்தால் போகா. பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தால் எலும்புகளும் மூட்டுகளும் இறுகிவிடும். இந்தியாவில் இந்நோயை விஞ்ஞான முறையில் முதலில் விவரித்தவர்கள் ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்து மக்களை ஆராய்ந்து 1937-ல் அவர்கள் எழுதினார்கள். 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே "புளோரோசிஸ் தணிப்பு" என்ற சொற்கள் சேர்ந்திருப்பதும் இதனால்தான்.

டி.டி.எஸ். மீட்டர் பயனற்றதா? அன்று. ஆர்.ஓ. கருவிக்குள் போகும் நீரையும் வெளிவரும் நீரையும் மாதம் ஒருமுறை அளந்து குறித்துவந்தால், சவ்வு பழுதாவது முன்கூட்டியே தெரியும். கிணற்று நீரின் எண் திடீரென மாறினால் ஏதோ கலந்திருக்கிறது என்று ஐயுறலாம். மீட்டரைச் சரிபார்ப்பதும் எளிது. ஒரு லிட்டர் வாலை வடிநீரில் ஒரு கிராம் தூய உப்பைக் கரைத்து அளந்தால், 0.5 என்ற எண்ணால் பெருக்கும் மீட்டர் ஏறத்தாழ 1000 காட்டும், 0.7 என்ற எண்ணால் பெருக்குவது 1400 காட்டும். இரண்டுமே பழுதற்றவை! உங்கள் மீட்டர் எந்த வகை என்று அறியாமல் அடுத்த வீட்டு எண்ணோடு ஒப்பிடக்கூடாது.

தாளும் பெட்டியும்

நிறம் மாறும் தாள்கள் மலிவானவை, பழக எளியவை. ஆனால் காற்றின் ஈரம் பட்டாலே கெடும். தாளில் உள்ள படிகள் அகலமானவை. கடினத்தன்மை 100, 250, 425 என்று மூன்று கட்டங்கள் இருந்தால், நடுவிலுள்ளதை ஊகிக்க வேண்டியதுதான். பத்து, பன்னிரண்டு பொருள்களை ஒரே தாளில் காட்டுவதாகக் கூறுபவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கட்டத்தின் மருந்து அடுத்த கட்டத்தில் ஊறி நிறத்தைக் குழப்பும்.

நீச்சல் குளத்துக்கான பெட்டி வேறு வகை. ஓசூர்ப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் குளம் வைத்திருப்போர் சிலர் அதையே குடிநீருக்கும் பயன்படுத்துகிறார்கள். அது குளோரினையும் பி.எச். மதிப்பையும் அளக்கப் பிறந்தது; புளோரைடைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தன் வேலையிலும் அது ஒருமுறை ஏமாற்றும். ஆர்தர் பாலின் 1957-ல் வெளியிட்ட டி.பி.டி. முறையில் குளோரின் இருந்தால் நீர் இளஞ்சிவப்பாகும். குளோரின் அளவுக்கு மீறி இருந்தாலோ அந்தச் சிவப்பே வெளுத்துவிடும். "குளோரின் இல்லை" என்று எண்ணி மேலும் கொட்டுவார்கள்! ஐயம் வந்தால் குள நீரோடு பத்து மடங்கு வடிநீர் சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஊராட்சிகளில் வழங்கும் குளோரோஸ்கோப்பு ஆர்த்தோடாலிடின் என்ற மருந்தால் மஞ்சள் நிறம் தரும். அது அம்மோனியாவுடன் சேர்ந்த குளோரினையும் காட்டிவிடுவதால், துளி விட்ட சில நொடிகளிலேயே படிக்க வேண்டும். அம்மருந்து புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற ஐயம் உள்ளது, கையில் படக்கூடாது. புதிதாக வாங்குவோர் டி.பி.டி. வகையைக் கேட்டு வாங்குவதே நல்லது.

குடிநீருக்கு ஏற்றது, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் உருவாக்கியதைப் போன்ற களப் பரிசோதனைப் பெட்டி. கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, நைட்ரேட், இரும்பு முதலியவற்றைத் தனித்தனிப் புட்டி மருந்துகளால் அது அளக்கிறது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், இத்தகைய பெட்டியைக் கையாள ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர வழி செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் பெட்டியைத் தருவதோடு வேலை முடிவதில்லை. இதை நான் உணர்ந்தது என் கதையின் இரண்டாம் பகுதியில்.

வெளுத்த சாயம்

ஏழு மாதங்களுக்குப் பின் எங்கள் கல்லூரியில் அறிவியல் கண்காட்சி. மாணவர்கள் தத்தம் ஊர் நீரைக் கொண்டுவந்தனர். நானும் பக்கத்து வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுபோனேன். ஆய்வகத்தில் பழைய பெட்டி ஒன்று இருந்தது. புளோரைடுக்கான மருந்து, சிர்கோனியத்துடன் சேர்ந்த சிவந்த சாயம். புளோரைடு சிர்கோனியத்தைப் பறித்துக்கொள்ள, சிவப்பு மங்கி மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு புளோரைடு.

எல்லா நீரும் மஞ்சளாயிற்று! ஒரு மாணவி கேட்டாள்: "சார், வெறும் வடிநீரில் விட்டுப் பார்க்கலாமா?" வடிநீரும் மஞ்சளாகவே ஆயிற்று. புட்டியைத் திருப்பிப் பார்த்தோம். காலாவதியாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

புது மருந்து வாங்கினோம். 0.221 கிராம் சோடியம் புளோரைடை ஒரு லிட்டர் வடிநீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் புளோரைடு உள்ள கரைசல் கிடைக்கும். அதில் 10 மில்லிலிட்டரை மறுபடி ஒரு லிட்டராக்கினால் 1 மில்லிகிராம். இது நஞ்சாகையால் ஆசிரியர் முன்னிலையில், கல்லூரி ஆய்வகத்தில் மட்டுமே செய்யத் தக்கது. அந்தத் திட்டக் கரைசல் அட்டையிலுள்ள 1 என்ற நிறத்தோடு பொருந்தியது. வடிநீர் சுழி காட்டியது. இனிப் பெட்டியை நம்பலாம்.

கிணற்று நீர் 2-க்கும் 2.5-க்கும் இடையே நின்றது. ஆச்சரியம், குழாய் நீரும் 1.5-ஐத் தாண்டியது! பிறகுதான் நினைவு வந்தது. அன்று காலை குழாய் நீரில் குளோரின் வாடை வீசியது. குளோரினும் சாயத்தை வெளுக்கும். நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போனதை உறுதி செய்து மீண்டும் சோதித்தோம். குழாய் நீர் 1-க்குக் கீழே இறங்கியது; கிணற்று நீர் இறங்கவில்லை. கிருஷ்ணகிரியில் உள்ள வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திக் கிணற்று நீரைக் கொடுத்தோம். அங்கும் 2-க்கு மேல் என்றே முடிவு வந்தது.

அன்று மாலை பக்கத்து வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கு மெஷின் தப்பாக் காட்டிச்சா சார்?" என்று அவர் கேட்டார். மெஷின் தப்பாகக் காட்டவில்லை. அதனிடம் கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன் என்றேன். பையனின் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் இருந்ததை அன்றுதான் உற்றுப் பார்த்தேன். சிறுமிக்கு நிலைப்பற்கள் இன்னும் முளைக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த விற்பனையாளர் விற்க வந்த ஆர்.ஓ. கருவி புளோரைடைப் பெருமளவு நீக்கும். நீரைக் கொதிக்க வைப்பதோ வடிகட்டி மெழுகுவர்த்தியோ நீக்காது. கொதித்துச் சுண்டினால் செறிவு கூடவே செய்யும். அவர் பொய்ச் சோதனை காட்டி, அந்த வீட்டுக்குப் பயன்படக்கூடிய பொருளை விற்க வந்தார். நான் மெய்யான கருவியைக் காட்டிப் பொய்யான முடிவைச் சொன்னேன். எது பெரிய தவறு என்று வாசகர்களே கூறட்டும்.

வாங்கும்போதும் பேணும்போதும்

1. முதலில் கேள்வி, பிறகு கருவி. உங்கள் ஊர் நீரில் எதை அஞ்ச வேண்டும் என்று ஆய்வகத்தில் ஒருமுறை அறிந்து, அதை அளக்கும் பெட்டியை வாங்குங்கள்.

2. புட்டிகளில் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். மருந்தை மட்டும் தனியே வாங்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதெனில் அந்தப் பெட்டி ஓராண்டுப் பொம்மையே.

3. திறந்த நாளைப் புட்டியில் எழுதுங்கள். பெட்டியை நிழலில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மோட்டார் அறையும் அடுப்பங்கரையும் ஆகா. குளோரைடு சோதிக்கும் வெள்ளி நைட்ரேட்டு ஒளியில் சிதையும். கடினத்தன்மைக்கான அம்மோனியாக் கரைசலின் மூடி தளர்ந்தால் அம்மோனியா பறந்துவிடும். பின்பு சிவப்பு நீலமாக மாறும் கட்டம் தெளிவாகத் தெரியாது.

4. மூடிகளை மாற்றிப் போடாதீர்கள். குழாய்களை வடிநீரால் கழுவுங்கள். சோப்புத்தூளிலுள்ள பாஸ்பேட்டு புளோரைடுச் சோதனையைக் கெடுக்கும்.

5. சொட்டுப் புட்டியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் துளியின் அளவு மாறும். ஒரு துளிக்கு 20 மில்லிகிராம் என்று கணக்கிடும் பெட்டியில், அதைவிட நுட்பமான விடையை எதிர்பார்க்கவும் கூடாது.

6. குழாயில் குறியிட்ட உயரம் வரை நீர் நிரப்புங்கள். ஆழம் கூடினால் நிறமும் அடர்த்தியாகும். வெள்ளைத் தாளின் முன், பகல் நிழலில் ஒப்பிடுங்கள். சிவப்பு, பச்சை நிறக் குருடு உள்ளவர் வேறொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நிற அட்டை வெயிலில் வெளுக்கும்.

7. ஒவ்வொரு முறையும் வடிநீரையும் ஒரு திட்டக் கரைசலையும் சேர்த்துச் சோதியுங்கள். இரண்டும் சரியான விடை தராவிட்டால் மற்ற விடைகளைத் தாளில் எழுதவே வேண்டாம்.

இந்தப் பெட்டியிலும் ஒரு குறை உண்டு. மருந்துத் துளிகள் கிருமிகளைக் காட்டா. அதற்கு மஞ்சா, மௌரியா, ராவ் என்ற இந்திய விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைடு முறை உதவும். மருந்திட்ட தாளுள்ள புட்டியில் நீரை நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக் கலப்புள்ள நீர் ஒன்றிரண்டு நாளில் கறுக்கும். கறுத்தால் குடிக்காதீர்கள், கறுக்காவிட்டாலும் மழைக்குப் பின் மறுபடி சோதியுங்கள்.

பக்கத்து வீட்டில் இப்போது குடிக்கவும் சமைக்கவும் குழாய் நீர்தான். அது வராத நாளுக்கென இரண்டு குடம் பிடித்து மூடி வைக்கிறார்கள். கிணற்று நீர் துவைக்கவும் குளிக்கவும் பயன்படுகிறது. என் டி.டி.எஸ். மீட்டரை நான் எறிந்துவிடவில்லை. அதன் உறைமேல் "மின்கடத்து திறன் மட்டும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மாணவ வாசகர்களே, உங்கள் பள்ளியிலோ ஊராட்சியிலோ ஒரு பரிசோதனைப் பெட்டி இருக்கக்கூடும். இந்த வாரம் அதைத் திறந்து, புட்டிகளில் உள்ள தேதிகளைப் படித்து, முதலில் வெறும் வடிநீரைச் சோதித்துப் பாருங்கள்.